நாற்பது மீற்றர் வயரும் போன என் நித்திரையும்

வெளி லைற் விற்கிறவளுக்கு வானம் கறுத்தால் நித்திரை வராது. வீட்டுக்குள் சுவரில் பொருத்திப் பூட்டுகிற லைற் பூட்டின இடத்தில் பேசாமல் கிடக்கும். முற்றத்து லைற் அப்படியில்லை. வெயில் காய்ச்சும், மழை நனைக்கும், அணில் கடிக்கும், மாடு வந்து உரசும். கடைசியில் எல்லாரும் சேர்ந்து கடைக்காரியைத்தான் ஏசுவார்கள்.

வன்னிப் பக்கம் முள்ளியவளையில் எங்கள் கடை. நான் கடையில் நின்று கரண்ட் சாமான் விற்கிறேன், என் மனுசன் வீடு வீடாகப் போய் வயரிங் செய்கிறார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டிகளில் போட்டிருக்கும் படங்களைப் பார்த்தும் மனுசனிடம் ஏச்சு வாங்கியும் படித்ததுதான். ஆனாலும் வருகிற சனம் என்னிடம்தான் கேட்கும்: "அக்கா, இதை நாங்களே பூட்டலாமோ, ஆளைக் கூப்பிட வேணுமோ?"

"நீங்களே பூட்டுங்கோ" என்றால் மனுசனுடைய வேலை போகும், அவர்கள் பிழையாகப் பூட்டினால் என் நித்திரையும் போகும். "ஆளைக் கூப்பிடுங்கோ" என்றால், "பாத்தியளே, புருசனுக்கு வேலை பிடிச்சுக் குடுக்கிறா" என்பார்கள். கடை வைத்திருக்கிற உங்களுக்கு இந்தச் சங்கடம் சொல்லாமலே விளங்கும். அதனால்தான் போன ஆவணியிலிருந்து மழை தொடங்கும் வரை நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லுகிறேன்.

நாற்பது மீற்றர்

புஷ்பம் பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் கச்சான் கடலை பயிரிடுகிறவள். அவளுடைய தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறினவர். ஒருநாள் பின்னேரம் கடைக்கு வந்து நாற்பது மீற்றர் வயரும் நாலு ஹோல்டரும் நாலு பல்பும் கேட்டாள். மகள் தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பஸ் அவளை றோட்டில் இறக்கும்போது பொழுது பட்டுவிடும். றோட்டிலிருந்து வீட்டுக்கு நீளமான ஒழுங்கை, இரண்டு பக்கமும் வேம்பும் பாலையும் மூடி நிற்கின்றன. முந்தின கிழமை பிள்ளை பாம்பை மிதிக்கப் பார்த்தாளாம். "ஆர் பூட்டப் போகினம்?" என்று கேட்டேன். "நான்தாங்க" என்றாள்.

அன்று கடையில் சனம். அவள் விலை குறைந்த வயரைக் காட்டினாள், நானும் அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டேன். எங்கே இழுக்கப் போகிறாய் என்று ஒரு சொல் கேட்கவில்லை. மனுசன் வந்து சுருளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது வீட்டுக்குள் பூட்டுகிற மெல்லிய வயர். வெளியில் கிடந்தால் வெயிலில் அதன் தோல் வெடிக்கும், வெடிப்புக்குள் மழைத்தண்ணி போனால் தொடுகிறவருக்குக் கரண்ட் அடிக்கும். உடனே புஷ்பத்துக்குப் போன் எடுத்தேன். பூட்டி முடித்துவிட்டாளாம். வேலி முள்ளுக்கம்பியோடு சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய், முற்றத்து வாசல் படலையையும் தாண்டி றோட்டு வரைக்கும் விட்டாளாம், ஜோராய் எரிகிறதாம். "மழை வரமுதல் கழட்டும், நான் வேற வயர் தாறன்" என்றேன். அவள் கோபிக்கவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்: "கழட்டினா என் புள்ள இருட்டுலதாங்க வரணும். பாம்பு கடிச்சா வந்து நிப்பீங்களா அக்கா?"

அலுமாரிக்குள் இருந்த லைற்

புஷ்பத்துக்கு சோலார் லைற் கொடுத்தால் என்ன என்று முதலில் யோசித்தேன். வயரே வேண்டாம், ஒரு ஆணி அடிக்கத் தெரிந்தவர் எவரும் பூட்டலாம். ஆனால் அவளுடைய ஒழுங்கையில் மத்தியானத்திலும் வெயில் விழாது. வெயில் விழுகிற முற்றம் உள்ளவர்களும் அதை எப்படி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள்.

இளைப்பாறின வாத்தியார் ஒருவர் நாலு சோலார் லைற் வாங்கிப்போனார். பத்து நாளில் நாலையும் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஒண்டும் எரியுதில்லை, பிள்ளை" என்றார். நான் எடுத்துப் பார்த்தேன். தூசி கூட இல்லை, கடையிலிருந்து போனபடியே பளபளவென்று இருந்தன. எனக்குச் சந்தேகம் வந்தது. "சேர், பகலில இதுகளை எங்க வைக்கிறனீங்கள்?" என்று கேட்டேன். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறாராம். வெளியில் வைத்தால் காகம் கொத்தும், கள்ளன் கொண்டுபோவான், அதனால் பொழுது பட்ட பிறகுதான் எடுத்து வைக்கிறாராம். பகல் வெயிலைக் குடித்தால்தான் இரவில் எரியும் என்று நான் சொன்னதும் நாலு லைற்றையும் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு கேட்டார்: "அப்ப பகல் முழுக்க நான் அதுக்குக் காவல், இரவில அது எனக்குக் காவல். இதில ஆருக்கு லாபம் பிள்ளை?"

சோற்றில் விழுந்த பூச்சி

தாங்களே பூட்டுகிறவர்கள்தான் பிழை விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். என் மனுசன் இருபத்தைந்து வருசமாக இந்த வேலை செய்கிறார். வற்றாப்பளைப் பக்கம் வயலோரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்கிறவர்கள். "வடிவாய்ப் பூட்டித் தாங்கோ, ஊருக்கே தெரிய வேணும்" என்று கேட்டார்கள். இவரும் பால் வெள்ளையாய் எரிகிற பெரிய லைற் ஒன்றை முன்வாசலுக்கு மேலே பூட்டினார். வயர் பைப்புக்குள், மூட்டுகள் பெட்டிக்குள், ஒரு குறை சொல்ல ஏலாது. நானே போய்ப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

அது சிறுபோக நெல்லுக் கதிர் பால் பிடித்த நேரம். வயலில் இருந்த பூச்சி முழுக்க அந்த லைற்றுக்குக் கிளம்பி வந்துவிட்டது. பூச்சியைத் தின்ன வாசல் நிறையத் தவளை. தவளைக்குப் பின்னால் என்ன வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு கிழமை கழித்து அந்த வீட்டு அம்மா கடைக்கு வந்து மஞ்சள் பல்ப் ஒன்று கேட்டா. அதைத் தூரத்துத் தென்னையில் தாங்களே கட்டப் போகினமாம், பூச்சி அங்கே போகட்டுமாம். இவர் பூட்டின லைற்றுக்கு என்ன நடந்தது என்று பயந்து பயந்து கேட்டேன். அவா சொன்னா: "அது நல்ல வடிவாய்த்தான் இருக்கு தங்கச்சி. அதை நிப்பாட்டிப்போட்டு, அதுக்குக் கீழ இருந்துதான் நாங்கள் சாப்பிடுறனாங்கள்."

செவ்வாய்க்கிழமை

புஷ்பத்துக்கு நான் கிழமைக்கு இரண்டுதரம் போன் எடுத்தேன். அவள் ஒவ்வொரு முறையும் "நல்லா எரியுதுங்க அக்கா" என்றுதான் சொன்னாள். ஒருநாள் பொறுக்க ஏலாமல் கேட்டுவிட்டேன்: "ஏனப்பா இப்பிடிப் பிடிவாதம் பிடிக்கிறீர்? ஒரு வயரிங் ஆளைக் கூப்பிட்டிருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்குமோ?"

அவள் மெல்லச் சொன்னாள், சித்திரையில் ஒரு ஆளைக் கூப்பிட்டவளாம். அவர் வந்து ஒழுங்கையை அளந்து, தேத்தண்ணி குடித்து, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனாராம். ஆவணி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் தானே வயர் வாங்க வந்தாளாம். "ஆர் அந்த ஆள்?" என்று கோபமாய்க் கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மனுசனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு பல்பை எடுத்து, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு வாறன், நாளையிண்டைக்கு வாறன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் மனுசனைக் கட்டினவர்களுக்கு என் வெட்கம் விளங்கும். புஷ்பம் என்னைத் தேற்றினாள்: "அவரு மேல தப்பில்லீங்க அக்கா. எந்தச் செவ்வாய்னு அவரு சொல்லல, நானும் கேக்கல."

ஆள் வந்தால் எரியும் லைற்

இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆள் அசைந்தால் தானாய் எரிகிற சென்சர் லைற் ஒன்றை ஒரு பெண் வாங்கினா. கள்ளனுக்குப் பயமாம். சொன்ன நாளிலேயே இவர் போய்ப் பூட்டினார், என் வாய்க்குப் பயந்து.

ஒரு கிழமையில் அவாவின் புருசன் வந்தார். கதவோரத்தில் நின்று மற்ற ஆட்கள் போகும் வரைக்கும் காத்திருந்தார். அந்த லைற்றைக் கழட்ட வேண்டுமாம். பூனை போனாலும் எரியுதாம், கண் கூசுதாம், கரண்ட் வீணாம். எனக்குக் காரணம் தெரியும். கள்ளுத் தவறணையில் இருந்துவிட்டு ஒழுங்கைக்குள் மெல்ல வந்து, படலையைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே போகிறவர் அவர். இப்போது படலையில் கை வைக்க முதலே மேடையில் நிற்கிற மாதிரி ஆளை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது, வாசலில் மனுசி பார்த்துக்கொண்டு நிற்கிறா. "கழட்டலாம் தம்பி, வாங்கினது அவா எண்டபடியால் அவாட்ட ஒருசொல் கேக்கிறன்" என்று போனைக் கையில் எடுத்தேன். ஆள் பதறிப்போனார்: "வேண்டாம் அக்கா, வேண்டாம்! லைற் அங்கயே இருக்கட்டும், நான் பொழுது படமுதல் வீட்டை போறன்."

ஆடும் வாழையும்

ஐப்பசி பிறந்தது. கடலுக்கு மேலே முகில் கட்டத் தொடங்கியது. அந்த நேரம் எங்கள் ஒழுங்கையில் வயதுக்கு வந்த ஒரு பிள்ளைக்குச் சாமத்திய வீடு. பிள்ளையின் தாய்மாமன் என்னிடம் கலர் பல்ப் மாலை இரண்டு வாங்கினார். "ஒரு இரவுக்கு என்னத்துக்கு ஆள், நானே கட்டுறன்" என்றார். வாசலில் குலையோடு நட்டிருந்த இரண்டு வாழைக்கும் மாலையைச் சுற்றி, ஆணி அடித்து இறுக்கினார். அதில் ஒரு ஆணி வயருக்கு நடுவால் வாழைக்குள் போய்விட்டது. வாழைத் தண்டு முழுக்கத் தண்ணி என்பதை நாங்கள் சமைக்கும்போதுதான் நினைக்கிறோம், ஆணி அடிக்கும்போது நினைப்பதில்லை.

விருந்துக்கு வந்த சனம் ஒன்றும் வாழையைத் தொடவில்லை, கடவுள் காப்பாற்றினார். காலையில் லைற்றை நிற்பாட்ட மறந்துபோனார்கள். பக்கத்து வீட்டு ஆடு வந்து, வாசல் கழுவின ஈரத்தில் நின்று, தண்டில் வாய் வைத்தது. வைத்ததும் துள்ளிப் பந்தல் கதிரைகளுக்கு மேலே விழுந்து, எழும்பி, உடம்பை உதறிக்கொண்டு ஓடியே போய்விட்டது. தாய்மாமன் வயரில் சுற்ற டேப் வாங்கக் கடைக்கு வந்தார். ஆட்டுக்காரி அவருக்குப் பின்னாலேயே வந்தா. நான் ஆட்டுக்கு என்ன மாதிரி என்று விசாரித்தேன். "உயிருக்கு ஒண்டுமில்லை அக்கா" என்று சொல்லிவிட்டு அவரை முறைத்துப் பார்த்தா: "ஆனால் இப்ப நான் வாழையிலையில சோறு வைச்சாலும் அது என்னைத்தான் சந்தேகமாய்ப் பாக்குது."

படலையடியில்

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டுக்குக் குளம்பு இருந்தது, துள்ளி விழுந்து தப்பியது. புஷ்பத்தின் மகள் மழையில் நனைந்து வந்து ஈரக் கையால் படலையைப் பிடித்தால்? அடுத்த நாள் காலை வானம் சட்டிக்கரி மாதிரி இருந்தது. நான் கடையைப் பூட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறின மனுசனுக்குப் பின்னால் ஏறி இருந்தேன். "இஞ்சாருங்கோ, இண்டைக்கு முதல் வேலை தண்ணீரூற்றில" என்றேன். "அங்க நாளைக்குப் போவம்" என்று வாய் தவறிச் சொன்னார். பிறகு என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தண்ணீரூற்றுப் பக்கம் திருப்பினார்.

புஷ்பத்தின் வேலையைப் பார்த்தால் ஏச மனம் வராது. வயரை ஒரே அளவாகச் சுற்றியிருந்தாள். மழைக்காக ஒவ்வொரு ஹோல்டருக்கும் பொலித்தீன் பை கட்டியிருந்தாள். என் மனுசன் மெயின் சுவிச்சை நிற்பாட்டச் சொல்லிவிட்டு வேலியோடு நடந்தார். படலையடியில் குனிந்து அவளைக் கூப்பிட்டார். காற்றுக்கு வேலி ஆடி ஆடி, முள் வயரின் தோலைக் கிழித்திருந்தது. இரண்டு இடத்தில் செம்பு மினுங்கியது. இன்னும் கம்பியில் முட்டவில்லை, ஒரு நூல் இடைவெளி. தகரப் படலையைத் தூணோடு பிணைத்திருந்ததும் அதே முள்ளுக்கம்பிதான். உள்ளே போய்ப் பார்த்தால், கரண்ட் ஒழுகினால் தானாய் விழ வேண்டிய ட்ரிப் சுவிச் எப்போதோ பழுதாகி, யாரோ அதைத் தாண்டி வயரைக் கொடுத்திருக்கிறார்கள். "ஒரு மழை காணும், படலை முழுக்கக் கரண்ட் ஏற" என்று மட்டும் இவர் சொன்னார்.

புஷ்பம் படலையில் மகள் கை வைக்கும் இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு என் மனுசனுக்கு நேரே திரும்பினாள்: "கழட்டுங்க அண்ணே. ஆனா பஸ்ஸு வர்றதுக்குள்ள வேற லைட்டு எரியணும். நாளைக்குன்னு சொன்னீங்கன்னா இதையே திரும்பச் சுத்திடுவேன்."

கான்

வெளி வயரைப் பைப்புக்குள் விட்டு மண்ணுக்குக் கீழே தாட்டால்தான் பயமில்லை. "நாற்பது மீற்றர் கிண்ட இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் வேணும்" என்று இவர் தலையைச் சொறிந்தார். புஷ்பம் உள்ளே போய் மண்வெட்டியும் ஒரு கயிறும் கொண்டுவந்தாள். கயிற்றை றோட்டிலிருந்து வீடு வரைக்கும் இழுத்துக் கட்டினாள். மலையில் மழைத்தண்ணி ஓடுவதற்குத் தேயிலைக்குள்ளே வெட்டுகிற வாய்க்காலைக் கான் என்பார்களாம். அவளுடைய தகப்பன் கான் வெட்டுகிறவர், இங்கே வந்து காணி திருத்தும்போது அவளுக்கும் பழக்கியிருக்கிறார். குனிந்தவள் நிமிரவில்லை. மண்ணும் மணல் கலந்த மண், கேட்டபடி வந்தது. நான் கடைக்குப் போய்ப் பைப்பும் வெளியில் போடுகிற தடித்த வயரும் ஒரு புது ட்ரிப் சுவிச்சும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கும்போது, கான் பாதிக்கு மேல் வந்திருந்தது. முழங்கை ஆழம், கோடு கீறின மாதிரி. தண்ணி நிற்காமல் ஒரு பக்கம் சாய்வும் வைத்திருந்தாள். "நான் தாட்ட பைப் ஒண்டும் இவ்வளவு நேராய்க் கிடந்ததில்லை" என்று என் மனுசன் வாய் விட்டுச் சொன்னார். அந்த மனுசன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் மூட்டுகளைப் போட்டார், பைப்பை நாலு இடத்தில் நிமிர்த்தி நட்டு லைற் பூட்டினார், ட்ரிப் சுவிச்சை மாற்றி இரண்டுதரம் விழுத்திக் காட்டினார். நானும் புஷ்பமும் மண்ணை இழுத்து மூடினோம். கடைசி மண்ணை மிதிக்கும்போது பெரிய துளியாய் மழை விழுந்தது. சுவிச்சைப் போட்டோம். ஒழுங்கை முழுக்க வெளிச்சம். பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் தாழ்வாரத்தில் நின்று பார்த்தோம். பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், குடை காற்றுக்கு மடங்கியது, தெப்பமாய் நனைந்த கையால் படலையைப் பிடித்தாள். எல்லாம் சரியாகப் பூட்டியிருக்கிறது என்று தெரிந்தும் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். புஷ்பம் என் கையைப் பிடித்த பிடியில் அவளுடைய நகம் பதிந்தது. படலை கிறீச்சென்று திறந்தது. பிள்ளை உள்ளே வந்து காலைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "ஏம்மா ஒழுங்கையெல்லாம் இப்படிக் கிண்டி வச்சிருக்கீங்க? பாருங்க, புதுச் செருப்பெல்லாம் சேறு!"

அன்றைக்குப் பிறகு பைப் தாழ்க்கிற வேலை வந்தால் இவர் புஷ்பத்தைத்தான் கூப்பிடுகிறார், அவள் எந்தச் செவ்வாய் என்று முதலே கேட்டுவிட்டுத்தான் வருகிறாள். வயர் வெட்ட முதல் எங்கே இழுக்கப் போகிறீர்கள் என்று நானும் எல்லாரிடமும் கேட்கிறேன், சிலர் முகத்தைச் சுளித்தாலும் கேட்கிறேன். நீங்களே பூட்டுவதா ஆளைக் கூப்பிடுவதா என்று கேட்கிறவர்களுக்கு இப்போது என்னிடம் ஒரே பதில்தான்: மண்ணை நீங்கள் கிண்டுங்கோ, கரண்டை அவர் தொடட்டும், சொன்ன நாளில் அவரைக் கொண்டுவந்து இறக்குகிற பெரிய வேலையை மட்டும் என்னிடம் விடுங்கோ.